நாலாவது பொத்தான்

"உங்க ஸ்கிரீன் தங்கம் மேடம், தங்கம்!" என்று மேனேஜர் தொடுதிரையைத் தட்டிக்கொடுத்தார், பரிசு வாங்கிய பிள்ளையின் முதுகைத் தட்டுவது போல.

திரையை வடிவமைத்த டிசைனருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தான் வரைந்த பொத்தான்கள் நிஜ மெஷினில் மினுங்குவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

பொட்டலம் கட்டும் மெஷின் அது. நின்றுபோனால், ஏன் நின்றது என்று திரை கேட்கும். பிளாஸ்டிக் சுருள் சிக்கியது, சரக்கு தீர்ந்தது, மெஷின் பழுது, என் தவறு. நாலே பொத்தான்கள். கையுறையோடு அழுத்தினாலும் பிசகாத அளவுக்குப் பெரியவை.

மேனேஜர் கைபேசியில் கணக்கைக் காட்டினார். ஒரே ஒரு ஆபரேட்டரின் பெயருக்கு நேரே மட்டும் 'என் தவறு' மலை மாதிரி குவிந்திருந்தது. இந்த மாதத்தோடு அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். ஆள் குறைக்கச் சொன்னதில் யாரை அனுப்புவது என்று இத்தனை நாளாய் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். இனி அந்தக் கவலை விட்டதாம்.

பெயரைப் படித்ததும் டிசைனரின் முகம் வெளிறியது. மேனேஜர் கவனிக்கவில்லை.

அந்த ஆபரேட்டர் எதிரேதான் நின்றிருந்தாள். இருப்பதிலேயே கிழட்டு மெஷின் அவளுடையது. அவள் இவர்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மெஷின் கிறீச்சிட்டு நின்றது.

ஆபரேட்டர் மூடியைத் திறந்து, உருளையில் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக்கை உருவி எறிந்தாள். திரும்பிய வேகத்தில் 'என் தவறு' என்பதை அழுத்தினாள். மெஷின் உடனே ஓடியது.

சிக்கியது சுருள். இதில் அவள் தவறு எங்கே வந்தது?

அடுத்த நொடியே டிசைனருக்குப் புரிந்துவிட்டது. மற்ற மூன்றில் எதை அழுத்தினாலும் திரை லேசில் விடாது. எந்த உருளை, எந்தப் பக்கம், எத்தனாவது தடவை என்று குடைந்துவிட்டுத்தான் மெஷினை ஓடவிடும். 'என் தவறு' ஒன்றுதான் மறுகேள்வி கேட்காது. பொட்டலம் குறைந்தால் ஏச்சு வாங்குகிறவள் வேறு எதை அழுத்துவாள்?

அப்படி அமைத்ததும் இவளேதான். தப்பை ஒத்துக்கொண்ட மனுஷியை மேலும் கேள்வி கேட்டு நோகடிக்கக் கூடாது என்று அலுவலகக் கூட்டத்தில் வாதாடி, கைதட்டல்கூட வாங்கினாள். பெரிய கருணைக்கடல்! பாவி, உழைக்கிறவள் சோற்றில் அல்லவா மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாள்.

"சார், தப்பு இவங்க மேல இல்ல... ஸ்கிரீன்ல ஒரு..." என்று டிசைனர் இழுத்தாள்.

மேனேஜரின் முகம் சுண்டிப்போயிற்று. ஸ்கிரீனிலா? எல்லா மெஷினுக்கும் இதையே வாங்கலாம் என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டதே! உண்மையா என்று ஆபரேட்டரை அதட்டினார்.

அவள் கையுறையைக் கழற்றி, நிதானமாக நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "ஸ்கிரீன்ல ஒரு குத்தமும் இல்ல சார். தப்பெல்லாம் நான் பண்ணதுதான்."

மேனேஜர் அப்பாடா என்று மூச்சுவிட்டு அடுத்த மெஷினைப் பார்க்க நடந்தார்.

கீழே கிடந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்குவதுபோல ஆபரேட்டர் குனிந்தாள். மெஷின் இரைச்சலுக்குள் அவள் குரல் மெல்ல வந்தது. "வாயத் தொறக்காத. உனக்கு இது முதல் வேலை. எனக்கு வேற எங்கயாச்சும் கெடைக்கும். அம்மாகிட்ட நான் பாத்துச் சொல்லிக்கிறேன்."

இப்போதுகூட உண்மையைச் சொல்லிவிடலாம். மேனேஜர் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்.

டிசைனர் கூப்பிடவில்லை. சின்ன வயசிலிருந்தே அக்கா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, அவர் பின்னாலேயே நடந்தாள்.