மேல்தளம் ஒட்டும் நேரம்

ஜன்னல் வெயில் சாப்பாட்டு மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் போர்க்கப்பல் மேல்தளம் இல்லாமல், வயிறு திறந்து கிடக்கிறது. கண்காட்சியில் வைப்பதற்காகச் செய்யும் கணவர் மேல்தளத்தின் விளிம்பில் பசை தடவுகிறார். மனைவி ஈரக் கையோடு பக்கத்தில் நிற்கிறாள். இதன் நிஜக் கப்பலில் அவள் தம்பி சமையல்காரனாக இருந்தான். கீழே தீப்பிடித்த அன்று, அவன் உள்ளே இருக்கும்போதே மேலிருந்து கதவை அடைத்துவிட்டார்கள். டப்பா மூடியில் எறும்பளவு மாலுமிகள் படுத்திருக்கிறார்கள். "ஒருத்தன அவனுக்காக மேல நிறுத்துங்களேன். பீரங்கி பக்கத்துல, காத்தாட." "சமையக்காரனுக்குப் பீரங்கிகிட்ட என்ன வேலை? கரண்டியாலயா சுடுவான்?" அவர் சிரிக்கிறார், பசை தடவும் கை மட்டும் அசங்கவில்லை. "அப்ப உள்ளயாவது வைங்க." இடுக்கியால் ஒருவனை எடுத்து, பசை தொடாமல், அப்படியே உள்ளே போடுகிறார். மேல்தளத்தைப் பொருத்தி அழுத்துகிறார். கடைசி இடுக்கு மூடும்வரை அவள் குனிந்து பார்க்கிறாள். பசை இறுகியதும் கப்பலைத் தூக்குகிறார். உள்ளே ஏதோ உருள்கிறது. "பாத்தியா, உன் பேச்சக் கேட்டதுக்கு! கண்காட்சில தூக்கிப் பாக்குறவன் சிரிப்பான்." காதருகே வைத்து ஆட்டுகிறார். "ஆட்டாதீங்க." "எங்க இருக்கான்னு பாக்க வேணாமா?" கப்பலைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார். உள்ளிருந்து மேல்தளத்தில் டொக்கென்று ஒரு தட்டு. அவர் முகம் மலர்கிறது. "இந்தா, கதவுகிட்ட வந்துட்டான் உன் தம்பி."