கீழே இருந்து ஒரு தட்டல்

'டொம்!'

ராக்கெட் மறுபடியும் விழுந்தது.

அடுத்த நொடியே காலடியில், கீழ் வீட்டிலிருந்து, 'டொக்... டொக்... டொக்!'

"ஆரம்பிச்சுட்டார் மகராசன்" என்றாள் அவள், நாயின் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கியபடி. "கால் போன ஜீவன் விழுந்தாக்கூடவா ஒரு மனுஷனுக்குப் பொறுக்காது?"

"மெஷின்ல உட்கார்ந்து நுணுக்கமா வேலை செய்யறவர். தலைக்கு மேல தொம்மு தொம்முன்னா எரிச்சல் வரத்தான் செய்யும்" என்றான் கணவன்.

"உங்களுக்கு எல்லாருமே நல்லவங்க!"

கீழ் வீட்டுக்காரர் டெய்லர். வீட்டிலேயே தையல் மெஷின். மாடிப்படியில் எதிரே வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

லாரிச் சக்கரத்தில் நசுங்கிய ராக்கெட்டின் பின்னங்காலை டாக்டர் எடுத்து எட்டு நாள் ஆகியிருந்தது. தெருமுனையிலிருந்து வாசலுக்கு நாலே பாய்ச்சலில் வந்ததால்தான் ராக்கெட் என்று பெயர். இப்போது ஹால் மூலையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு வருவதற்குள் மூன்று முறை விழுந்தது. விழுந்தால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே கிடந்தது. தூக்கினால்தான் உண்டு.

அந்த முகத் திருப்பலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வழுக்கும் டைல்ஸ் மேல் ரப்பர் பாய் விரித்தார்கள். காலையும் மாலையும் துண்டைப் பிடித்து நடத்தினார்கள். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தாயிற்று. லீவும் தீர்ந்தது. அவன் பஸ் டிரைவர். அவள் பள்ளிக்கூட நூலகர். காலை எட்டரைக்குக் கதவைப் பூட்டினால் மாலை ஐந்து வரை ராக்கெட் தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

முதல் நாள் மாலை, விட்ட இடத்திலேயே கிடந்தது.

நாலாம் நாள் கதவைத் திறந்தால், ஹால் நடுவில் நின்றது.

"என்னங்க! இங்க பாருங்களேன்!"

அடுத்த வாரம் படுக்கையறை வாசலில் இருந்தது. அதற்கும் அடுத்த வாரம் பால்கனியில், மூன்று காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். தரையில் விட்டதும், அவர் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"தொடை நல்லாத் தேறியிருக்கு. பகல்ல யாரு இவனை நடக்க வைக்கிறது?"

"யாருமில்லை டாக்டர். ரெண்டு பேருமே வேலைக்குப் போயிடறோம்."

"அப்போ தானே கத்துக்கிட்டானா? கெட்டிக்காரன்!"

காற்றில் மிதந்தபடி வீடு வந்து சேர்ந்தார்கள். ராக்கெட்டை ஹாலில் இறக்கிவிடும்போதே எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கலை. நீங்க அந்தப் பக்கம் போனதும், கீழ் வீட்டு டெய்லர் தட்ட ஆரம்பிச்சுடறார். பகல் பூரா விட்டு விட்டுத் தட்டறார். பாவம், இவன் உள்ளே கிடந்து குரைக்கறான்."

அவள் முகம் சிவந்தது. செருப்பைக்கூட மாட்டவில்லை.

"ஏய், நில்லும்மா. பொறுமையாப் பேசிக்கலாம்" என்று கணவன் பின்னாலேயே ஓடினான். இருவரும் கதவைச் சாத்த மறந்தார்கள்.

டெய்லர் கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டடைக் கம்பு சாய்ந்திருந்தது. நுனியில் பழந்துணி சுற்றியிருந்தது.

"இதால தானே தட்டறீங்க? வாயில்லா ஜீவன் சார் அது! நாங்க இல்லாத நேரமாப் பார்த்து அதைப் படுத்தறதுல உங்களுக்கு என்ன சுகம்?"

டெய்லர் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியில் சத்தம் கேட்டது.

திரும்பினார்கள். மேல்படியில் ராக்கெட்!

"ஐயோ, விழுந்துடுவான்!" என்று பாய்ந்தவளின் கையைக் கணவன் பிடித்துக்கொண்டான்.

"தொடாதே. அவனே வரட்டும்."

பதினாறு படி. நாலாவதில் தடுமாறியது. சுவரில் உடம்பைச் சாய்த்துச் சமாளித்தது. ஒரு மூச்சு வாங்கியது. பிறகு தத்தி, குதித்து, தத்தி, குதித்து... கடைசி மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டி வந்து தரையில் நின்றது!

கணவன் வாயில் விரலை வைத்து அடித்த விசிலுக்குப் பஸ் கண்டக்டரே தோற்றுப்போவார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடா என் ராஜா!"

ராஜா அவளைத் தாண்டிப் போயிற்று. நேரே டெய்லர் வீட்டுக்குள் நுழைந்து, அந்தக் கம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, டெய்லரைச் சுற்றிச் சுற்றி வாலை ஆட்டியது.

அவள் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள். வெள்ளையடித்த கூரையில் வட்ட வட்டமாய் அழுக்குத் தடங்கள். ஹால் மூலையில் ஆரம்பித்து, நடு ஹால், படுக்கையறை வாசல் என்று கோலப்புள்ளி மாதிரி வரிசையாக, பால்கனி வரை போயிருந்தன.

டெய்லர் குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

"ஆரம்பத்துல கோபத்துலதாம்மா தட்டினேன், பொய் சொல்லலை. ஒருநாள் நீங்க இல்லாதப்ப தட்டினேன். மேல தத்தித் தத்தி வந்து, சரியா என் தலைக்கு மேல நின்னு குரைச்சான்."

"அதுக்கு?"

"விழுந்தா விழுந்த இடத்துலயே கிடக்கறவன், தட்டினா மட்டும் 'எவன்டா அது'ன்னு எழுந்து வர்றான். அதான், தினமும் ரெண்டடி தள்ளித் தள்ளித் தட்டினேன்."