இடது கொம்பு

"டேய், கொம்பு கையோட வந்துடுச்சுடா!"

வண்டியின் பின்பக்கத்திலிருந்து அலறினான் ஜுஹைர். திஷ்கா கணவாயின் வளைவு ஒன்றில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து பார்த்தான் மிலூத். மராகேஷ் சந்தையில் வாங்கிய செம்மறிக் கிடா அசைபோட்டபடி நின்றது. அதன் இடது கொம்பு நண்பன் கையில் இருந்தது.

"பழைய முறிவுடா. பசை போட்டு ஒட்டி நம்ம தலையில கட்டிட்டான் பாவி."

"பார்த்து வாங்குறதுக்கென்ன? அவ்வளவு நேரம் வாயைப் பிளந்து பல்லை எண்ணுனியே!"

"மாமா பல்லைத்தான் பார்ப்பாருன்னு சொன்னாங்கடா."

பக்ரீத் பெருநாளுக்குப் பெண் வீட்டுக்குக் கிடா கொண்டுபோக வேண்டியது மாப்பிள்ளை. மலைக்கு அந்தப் பக்கம் ஜகோராவில் இருக்கும் வருங்கால மாமனார் பாஸு, கிடா விஷயத்தில் லேசுப்பட்ட ஆள் இல்லை. போன வருஷம் ஒரு பல் ஆடுகிறது என்று சொல்லி, கிடாவையும் அதைக் கொண்டுவந்தவனையும் சேர்த்தே திருப்பி அனுப்பியவர். ஒற்றைக் கொம்போடு போய் நின்றால் அவர் மகள் ஈத்தோவை ஜுஹைர் மறந்துவிட வேண்டியதுதான். விடிந்தால் பெருநாள். வேறு கிடாவுக்கும் வழியில்லை.

மலை இறங்கியதும் பஞ்சர் கடையில் பசை வாங்கி ஒட்டினார்கள். மிலூத்தின் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுப் போட்டார்கள். கல்லும் வெயிலுமான பொட்டல் நெடுக, கிடாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான் ஜுஹைர்.

"கல்யாணத்துக்கப்புறம் பொண்டாட்டியையும் இப்படித் தாங்குவியா?"

"மொதல்ல கல்யாணம் நடக்கட்டும். பள்ளத்துல விடாம ஓட்டுடா!"

பேரீச்சந் தோப்புகளைத் தாண்டித் தலைப்பாகைக் கட்டை அவிழ்த்தபோது மணற்காற்று அடித்தது. வெளியே கசிந்து காயாமல் இருந்த பசையில் மணல் அப்பிக்கொண்டு, ஒட்டிய இடத்தை மறைத்தது. பாலைவனம் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

பாஸு வாசலிலேயே நின்றார்.

பெரியவர் பல்லைப் பார்க்கவில்லை. தூக்கி எடை பார்க்கவில்லை. நேராக இடது கொம்பைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை.

"அருமையான கிடா! உள்ள கொண்டுபோய்க் கட்டுங்க" என்றார், வீட்டுப் பெண்கள் காதில் விழும்படி.

பிறகு ஜுஹைரைத் தனியே இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன பசை மாப்பிள்ளே போட்டீங்க? நான் ஒட்டி வியாபாரிகிட்ட வித்த கிடா மராகேஷ் சந்தையைத் தாண்டித் திரும்பி வராதுன்னுல்ல நெனச்சேன்!"