மூன்றாவது குரல்

“இந்தப் பிள்ளைங்களுக்கு அவங்க பாஷையே தெரியல டீச்சர். அப்புறம் எதுக்கு இந்த வகுப்பு?”

தலைமை ஆசிரியர் ராமலிங்கம் கேட்டதில் தப்பில்லை என்றுதான் துர்காவுக்கும் தோன்றியது. மேசை மேல் இருந்த பேசும் பெட்டி ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குத் தாவியது. எதிரே பதினாலு நரிக்குறவர் பிள்ளைகள் வாயில் கொழுக்கட்டையை அடக்கியதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கல்வித் துறை அதிகாரி வருகிறார். அவர் முன்னால் பிள்ளைகள் பெட்டியோடு பேசினால்தான் தாய்மொழி வகுப்பு நிலைக்கும். இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள். மூடினால் இந்தப் பதினாலு பேரும் மறுநாளே பள்ளியை விட்டு நின்று, பீச்சில் பாசிமணி விற்கப் போய்விடுவார்கள். புரியாத பாடத்துக்குப் பயந்து ஏற்கெனவே ஒருமுறை நின்றவர்கள்தான். வீடு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சிக் கூட்டி வந்தவள் துர்கா.

அவர்கள் பேசும் வாக்ரிபோலிக்கு எழுத்து கிடையாது. அதனால், அவர்கள் குடியிருப்பிலிருந்த மணியம்மாள், பெட்டியைச் செய்த சேதராப்பட்டு கம்பெனியில் பத்து நாள் உட்கார்ந்து, கதை, கணக்கு, பதினாலு பிள்ளைகளின் பெயர் என்று எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். பெட்டி பேசுவது அவள் குரலில்தான். அவளையே வரவழைத்து இதுகளை ஒரு அதட்டல் போடச் சொல்லலாம் என்றால், மயிலம் திருவிழாவில் கடை போடப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அபியைத் தனியாக அழைத்தாள். ஏழு வயசு, வாய்த்துடுக்கு. வேப்பமரத்தடியில் அதே பாஷையில் ஊரைக் கூட்டுகிறவள், வகுப்பில் மட்டும் ஊமை.

“ஏன்டி அபி, பெட்டி கூப்பிட்டா ஏன் பேச மாட்டேங்கறீங்க?”

“ரெண்டு தடவதான் டீச்சர் கூப்புடுது. மூணாவது தடவ கூப்புட்டாத்தான் பதில் சொல்லணும்னு எங்க வூட்ல சொல்லியிருக்காங்க.”

துர்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே பேச்சு உழவர்கரையில் அவள் வீட்டிலும் உண்டு. பேய்க்கு இரண்டு தடவைக்கு மேல் பெயர் சொல்லிக் கூப்பிட வராதாம். அவள் அம்மா இன்றைக்கும் வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் எழுந்திருப்பாள். அடக் கடவுளே, இதற்காகவா இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று நொந்துகொண்டாள். அது பேயில்லை, வெறும் மெஷின் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். அபி தலையை ஆட்டினாளே தவிர, பெட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை.

உடனே கம்பெனி ராஜ்கமலுக்குப் போன் போட்டு, மூன்று தடவை கூப்பிடும்படி மாற்றித் தரச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா தெரியாது, பார்க்கிறேன் என்று அவன் இழுத்தான்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்தார். பெட்டி அபியைக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. பதிலே இல்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

வழக்கமாக அடுத்த பெயருக்குத் தாவிவிடும் பெட்டி, அன்றைக்குக் கொஞ்சம் நிதானித்தது. பிறகு, முன்னைவிட மெதுவாக, “அபி” என்றது.

அபி துள்ளி எழுந்து பதில் சொன்னாள். அவ்வளவுதான், வகுப்பே கலகலப்பாகிவிட்டது. மூன்றாவது குரலுக்கு ஒவ்வொருவராக எழுந்து கதை சொன்னார்கள், கணக்குச் சொன்னார்கள், பெட்டியோடு சண்டைகூடப் போட்டார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வகுப்பு பிழைத்தது. துர்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும், வராந்தாவில் நின்று ராஜ்கமலுக்கு நன்றி சொன்னாள்.

“நான் இன்னும் எதையும் மாத்தலையே மேடம்,” என்றான் அவன். “மூணாவது தடவைக்குக் குரல் பதியலாம்னு அந்தம்மாவைத் தேடினேன். போன மாசமே மயிலத்துல தவறிட்டாங்களாம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

துர்கா போனைக் காதிலிருந்து எடுத்தாள். பக்கத்தில் வந்து நின்ற அபியிடம், மணியம்மாள் செத்துப்போனது தெரியுமா என்று கேட்டாள்.

“எல்லாருக்கும் தெரியும் டீச்சர். அதான் நாங்க பேசல. இன்னிக்கு மூணு தடவ கூப்புட்டுச்சே, அப்ப பேய் இல்லதானே?” என்ற அபி, அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். “உங்களயும் உள்ள ரெண்டு தடவ கூப்புட்டுச்சு. நீங்கதான் போன்ல இருந்தீங்க.”

பெட்டியில் பதிந்திருந்த பெயர்கள் பதினாலு பிள்ளைகளுடையவை மட்டும்தான். ஆளில்லாத வகுப்பிலிருந்து, முன்னைவிட மெதுவாக, மூன்றாவது தடவையாகக் குரல் வந்தது.

“துர்கா.”