சும்மா நிற்கும் இஞ்சின்

"சும்மா நிக்கிற இஞ்சினுக்கு எதுக்குய்யா இவ்வளவு புகை?"

ரயில் இஞ்சின் ஷெட் அதிகாரி மேஜையில் ஓங்கித் தட்டியதில் பேனா உருண்டு கீழே விழுந்தது. எதிரே நின்ற டிரைவர் அதை எடுத்து மேலே வைத்தார்.

"ஆஃப் பண்ணினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது சார். பேட்டரி லட்சணம் அப்படி. அதனாலதான் வேலையே இல்லாட்டியும் ஓடவிட்டு வெச்சிருக்கோம். மாத்தணும்னு ரெண்டு வருஷமா பதிவேட்டுல எழுதிட்டே இருக்கேன்."

"எழுதினே. நானும் மேல அனுப்பினேன். கிணத்துல போட்ட கல்லு! இப்போ லைன் ஓரம் குடியிருக்கிற ஒரு அம்மா ஒரே ஒரு கடுதாசி போட்டாங்க, காலையிலேருந்து தலைமை ஆபீஸ் போன் மேல போன்!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை உரக்கப் படித்தார். பக்கத்து அறை குமாஸ்தாக்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"'தினமும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, இழுக்க ஒரு பெட்டிகூட இல்லாமல், எங்கள் வீட்டுப் பின்புறம் நின்று இஞ்சின் கரும்புகை கக்குகிறது. வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாம்பல் சட்டை எடுக்கிறோம். கைக்குழந்தை இருமிக்கொண்டே இருக்கிறது. நல்ல பேட்டரி போட்டால் இஞ்சினை நிறுத்தி வைக்கலாமே?' கேட்டியா?"

"பேட்டரி விஷயம் அந்தம்மாவுக்கு எப்படி சார் தெரியும்?"

"அதை நீயே போய்க் கேளு. லைனுக்குப் பின்னாடி மூணாவது வீடு, பச்சைக் கதவு. சாயங்காலம் நேரா அங்க போய் மன்னிப்புக் கேட்டு சமாதானம் பண்ணு. இல்லேன்னா கடைசி ஸ்டேஷனுக்கு மாத்தல். உன் பொண்ணுக்கு இந்த வருஷம்தானே பெரிய பரீட்சை? அங்கேருந்து போன்ல வாழ்த்துச் சொல்லிக்க."

டிரைவர் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணினார். மகளுக்குத் தினமும் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். அவர் போய்விட்டால் அவள் கணக்கில் கோட்டைவிடுவது நிச்சயம். ஆனால் அந்தக் குழந்தையின் இருமலை நினைத்தபோது மாற்றல் நியாயம்தானோ என்றும் தோன்றியது. புகைக்குப் பழகிப்போன தன் மூக்கின் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

சாயங்காலம் பச்சைக் கதவைத் தட்டினார். இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மாள் வந்து திறந்தார்.

"அம்மா, அந்த இஞ்சின் டிரைவர் நான்தான். வேணும்னு செய்யலைம்மா. கையெடுத்துக் கும்பிடறேன், புகாரை மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க. என் பொண்ணு படிப்பே இதுலதான் இருக்கு."

"என்னை ஏங்க கும்பிடறீங்க? நான் கையெழுத்து போட்டதோட சரி." அந்த அம்மாள் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "தம்பி! நீ சொன்ன ஆள் வந்தாச்சு!"

பனியனோடு வெளியே வந்தார் ஷெட் அதிகாரி.

"மாத்தலாவது மண்ணாங்கட்டியாவது, அதெல்லாம் குமாஸ்தாக்கள் காதுக்கு! உள்ள வாய்யா! நாளைக்கு பேட்டரி வருது. அக்கா பேர்ல அடுத்த கடுதாசி எழுதிட்டிருக்கேன், டீசல் பீச்சுற இஞ்செக்டர்ல எதெது ஒழுகுதுன்னு கரெக்டா சொல்லு."