ஜால்ரா கடிதம்

"இதுக்குப் பேர் விண்ணப்பக் கடிதமா?" மேலாளர் தாளை மேசைமேல் வீசினார். எதிரே ஓர் இளைஞன் அமர்ந்திருந்தான்.

"'உங்கள் நிறுவன வாசலைக் கடக்கும்போதெல்லாம் என் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன.' ஏன், கால்ல ஏதாவது கோளாறா?"

"இல்ல சார்."

"உனக்கு என்ன வேலை தெரியும், இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கே, எங்களுக்கு நீ எதுக்கு? ஒரு வரி இருக்கா? முழுக்க ஜால்ரா! எழுதினவனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம்?"

"சார், இந்த வேலை கிடைச்சாதான் நான் போய்ப் பொண்ணு கேக்க முடியும்."

"உனக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்? நாலு வரி சொந்தமா எழுதத் துப்பில்ல. உண்மையைச் சொல்லு, காப்பியடிச்சதுதானே?"

"ஆமா சார். பேரையும் தேதியையும் மட்டும்தான் மாத்தினேன்."

"எந்த மடையன் எழுதினது?"

இளைஞன் தன் பைலிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இதே நிறுவனத்துக்கு மேலாளர் எழுதிய விண்ணப்பத்தின் நகல் அது. அடியில் அவருடைய கையெழுத்து.

மேலாளரின் முகம் வெளிறியது.

"இது என் வீட்டு பீரோவுல இல்ல இருந்தது? உன் கைக்கு எப்படி வந்தது?"

"உங்க பொண்ணுதான் எடுத்துக் குடுத்தா. 'அப்பாவுக்கே இதை எழுதித்தான் வேலை கிடைச்சது, தைரியமா அனுப்பு'ன்னா." இளைஞன் எழுந்து நின்றான். "என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. எழுதினவரை மட்டும் திட்டாதீங்க, மாமா."