ராத் தங்கக் கூடாது

பூரிக்குத் தட்ட நீட்டுன ராமசுப்பு, நீட்டுன மேனிக்கே நின்னுட்டாரு.

எதுத்த மேசையில செல்லப்பாண்டி. பக்கத்துல பொண்டாட்டி செல்லக்கிளி, மக யுவராணி. மூணு பேரும் சாவகாசமா உக்காந்து அன்னாசிப்பழம் தின்னுக்கிட்டு இருக்காக.

"சார், பூரி வைக்கட்டுமா?"

"வேணாம்"னு சொல்லிட்டு, வெறுந்தட்ட மூஞ்சிக்கு மறைப்பாப் பிடிச்சுக்கிட்டே தன் மேசைக்குத் திரும்பி வந்தாரு.

பொண்டாட்டி முருகேஸ்வரி அவர ஏற எறங்கப் பாத்தா.

"என்னங்க, பேய் கீய் கண்டீகளா?"

"நம்மூருக்காரன் இருக்கான். செல்லப்பாண்டி."

"அட, நல்லதாப் போச்சு. செல்லக்கிளிட்டப் பேச்சுத் துணைக்காச்சு."

"கிறுக்கி, ஊருல காப்புக் கட்டியாச்சுல்ல?"

அதான் விஷயம். திருச்சுழிப் பக்கத்துல அவுக ஊருல மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிட்டா, பகல்ல யாரும் எங்கயும் போகலாம். பொழுது சாயறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துறணும். வெளிய ராத் தங்குனா குத்தம். ஆம்பளைக்குக் கோயில்ல பரிவட்டம் கெடையாது. அந்த வீட்டுப் பிள்ள முளைப்பாரி தூக்கக் கூடாது.

போன வருசம் மைக்கப் பிடிச்சு இந்தச் சட்டத்தப் போட்டதே விழாக் கமிட்டித் தலைவரு ராமசுப்புதான். "எவனா இருந்தாலும் சரி"ன்னு ரெண்டு தடவ அழுத்திச் சொன்னாரு.

இந்த வருசம் பெங்களூரு மகன் சுந்தரபாண்டி, பொங்கல் தேதி தெரியாம, இவுக ரெண்டு பேருக்கும் மலைக்கு நடுவுல பள்ளத்தாக்குல இருக்கற இந்த ஓட்டல்ல ரூமு போட்டுட்டான். பிள்ளகுட்டிகளோட வாரவுகளுக்குன்னே கட்டுன சின்ன ஓட்டலு. ரூமுக்கெல்லாம் நம்பர் கெடையாது, பூவு பேருதான். ராமசுப்புக்குத் தாழம்பூ. மதுரையில ஒரு ஜோலி, சாயங்காலம் வந்துருவேன்னு ஊருல சொல்லிட்டு நேத்துக் கெளம்புன மனுசன், ராத்திரி தாழம்பூவுல கம்பளியப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டாரு.

"அவனுந்தான குத்தம் பண்ணிருக்கான்? வாயத் தெறக்க மாட்டான்"னா முருகேஸ்வரி.

"அவனுக்கென்ன போச்சு? பரிவட்டம் எனக்குல்ல கட்டணும். நம்ம காட்டுல பருத்தி எடுத்த பய. இன்னைக்கு எனக்குச் சமமா உக்காந்து அன்னாசி திங்கான்."

"மக சம்பாத்தியத்துல வந்து திங்கான். நீங்களும் மகன் சம்பாத்தியத்துலதான பூரி திங்கிறீக?"

"நான் எங்க தின்னேன்?"

அந்நேரம் பாத்துச் செல்லப்பாண்டி நிமிந்தான். ரெண்டு பேரு கண்ணும் நேருக்கு நேரா மோதிக்கிச்சு.

அண்ணாச்சின்னு கூப்பிடல. ஒரு கும்பிடு இல்ல. பொண்டாட்டி காதுல என்னமோ சொன்னான். மூணு பேரும் தட்டத் தூக்கிக்கிட்டு மூலை மேசைக்குப் போயி, முதுகக் காட்டி உக்காந்துட்டாக.

"பாத்தியா திமிர?"

"பாவம், பயந்துருப்பாக."

"பயமா? இந்தா போறான் பாரு."

கையக் கழுவிட்டுச் செல்லப்பாண்டி நேரா வெளிய ஊஞ்சலுக்குப் போனான். அந்த ஓட்டல்ல ஊஞ்சல்கிட்ட மட்டுந்தான் டவரு கெடைக்கும். போனக் காதுல வச்சு, வாயப் பொத்திக்கிட்டுப் பேசுனான். பேசப் பேச இந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாத்தான்.

"போச்சு. போட்டுக் குடுக்கான்."

"நீங்களே போயி ஒரு வார்த்த சொல்லிருங்களேன். ஏப்பா, ரெண்டு பேரும் தெரியாமச் செஞ்சுட்டோம், ஊருல சொல்லிக்கிட வேணாம்னு."

"அவன்ட்ட நான் போயிக் கெஞ்சவா? முந்திக்கிறவந்தான் பொழைப்பான். நீ பேசாம இட்லியத் தின்னு."

செல்லப்பாண்டி உள்ள போற வரைக்கும் தூணுக்குப் பின்னால நின்னுட்டு, ராமசுப்பு ஊஞ்சலுக்கு ஓடுனாரு. உக்காந்தாத்தான் டவரு. ஆடுனாப் போயிருது. கால ஊனி ஆடாம உக்காந்து, கமிட்டிச் செயலாளரு இருளப்பசாமிக்குப் போனப் போட்டாரு.

"அண்ணாச்சி, நானே ஒங்களுக்குப் போடணும்னு..."

"நீ இரு. மொதல்ல நான் சொல்றதக் கேளு. அந்தச் செல்லப்பாண்டி குடும்பத்தோட மலையில ஓட்டல்ல ரூமு போட்டுக் கூத்தடிச்சுக்கிட்டு இருக்கான். நேத்து ராத்திரி அங்கதான் தங்கல்."

"செல்லப்பாண்டியா?"

"அவனேதான். கண்ணால பாத்த ஆளு சொன்னாரு. அன்னாசிப்பழம் தின்னது மொதக்கொண்டு சொன்னாரு. அவன் மக முளைப்பாரி தூக்கக் கூடாது. இன்னைக்கே மைக்குல சொல்லிரு. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், என்ன?"

போனுல கோயில் குழாய் ரேடியோ மட்டும் பாடிக்கிட்டு இருந்துச்சு.

"இருளப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி. நேத்து நீங்க திரும்பலன்னதும் இங்க ஒரே பேச்சு. தலைவரே சட்டத்த மீறிட்டாருன்னு ஆளாளுக்குக் குதிச்சாக. இப்பத்தான் செல்லப்பாண்டி போன் போட்டான். அண்ணாச்சி மதுரையில மயங்கி விழுந்துட்டாக, ஆஸ்பத்திரியில சேத்துட்டு நாங்க குடும்பத்தோட தொணைக்கு இருக்கோம்னான். எங்க வீட்டு முளைப்பாரிய வேணும்னா நிறுத்திக்கோங்க, அவுக பரிவட்டத்துல மட்டும் கை வச்சிறாதீகன்னு அழுகாத கொறையாச் சொன்னான். ஆஸ்பத்திரின்னா என்ன செய்ய முடியும்? நாங்களும் சரின்னுட்டோம்."

ராமசுப்பு திரும்பி உள்ள மூலை மேசையப் பாத்தாரு.

இருளப்பசாமி ரொம்ப மரியாதையாக் கேட்டான்:

"அவன் மலையில இருந்தா, ஆஸ்பத்திரியில ஒங்களுக்குக் கஞ்சி ஊத்துறது யாரு அண்ணாச்சி?"